மார்ச்சில் 76 விழுக்காடு ‘ஆம்’, டிசம்பரில் ஒன்றியமே இல்லை: 1991-இல் நடந்ததை எப்படிப் புரிந்துகொள்வது?

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 1991 மார்ச் 17 அன்று சோவியத் ஒன்றியம் நீடிக்க வேண்டுமா என்று மக்களிடமே கேட்டார்கள். வாக்களித்தவர்களில் 76.4 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றனர். அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று பெலாருஸ் நாட்டின் பெலவேழா காட்டுப் பகுதியில், விஸ்குலி என்ற அரசு மாளிகையில், ரஷ்யா, உக்ரைன், பெலாருஸ் ஆகிய மூன்று குடியரசுகளின் தலைவர்களும் கூடி, சோவியத் ஒன்றியம் இனி இல்லை என்று கையெழுத்திட்டனர். டிசம்பர் 25 அன்று ஒன்றியத்தின் தலைவர் கொர்பச்சேவ் பதவி விலகினார்.

இதைப் பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. மக்கள் அளித்த தீர்ப்பை மூன்று பேர் காட்டுக்குள் உட்கார்ந்து கிழித்துப் போட்டார்கள் என்பது ஒரு வகை. தேசிய இனங்களின் சிறை உடைந்தது, கைதிகள் வெளியேறினார்கள் என்பது இன்னொரு வகை. முதலாவது சரியென்றால், டிசம்பர் 1 அன்று உக்ரைனில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் விடுதலைக்கு வாக்களித்தது எப்படி? இரண்டாவது சரியென்றால், அதே உக்ரைனில் மார்ச் மாதம் 70 விழுக்காட்டினர் ஒன்றியம் வேண்டும் என்று சொன்னது எப்படி? மக்கள் எட்டரை மாதத்தில் மனம் மாறினார்களா, அல்லது அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள்தாம் வேறுவேறா? இந்த வரலாற்றை ஊன்றிப் படித்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

நெய்தல்

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த 76.4 விழுக்காடு எங்கே போனாலும் மேற்கோளாகிறது. வாக்குச்சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ‘ஒன்றியம் வேண்டுமா, வேண்டாமா’ என்று மொட்டையாகக் கேட்கப்படவில்லை. சம உரிமையும் இறையாண்மையும் கொண்ட குடியரசுகளின் புதுப்பிக்கப்பட்ட கூட்டாட்சியாக, எந்தத் தேசிய இனத்தைச் சேர்ந்தவருக்கும் உரிமைகளும் விடுதலையும் முழுமையாக உறுதி செய்யப்படும் ஒன்றாக, சோவியத் ஒன்றியத்தைக் காப்பது தேவை என்று கருதுகிறீர்களா என்பதே கேள்வி. இதற்கு ‘இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால் ஒருவர் முழுப் பிரிவினையில் உறுதியாக இருந்திருக்க வேண்டும். பழைய ஒன்றியம் அப்படியே தொடர வேண்டும் என்று நினைத்தவரும், தம் குடியரசுக்குப் பெருமளவு தன்னாட்சி வேண்டும் என்று நினைத்தவரும் ஒரே ‘ஆம்’ கட்டத்தில் குறியிட முடிந்தது.

அடுத்து, இந்தக் கணக்கில் 15 குடியரசுகளும் இல்லை. லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா, மால்டோவா, ஜார்ஜியா, ஆர்மேனியா ஆகிய 6 குடியரசுகளின் அரசுகள் இந்த வாக்கெடுப்பை நடத்தவே மறுத்தன. லித்துவேனியா பிப்ரவரியிலும், லாத்வியாவும் எஸ்தோனியாவும் மார்ச் 3 அன்றும் விடுதலை குறித்துத் தனியே வாக்கெடுப்பு நடத்தி முடித்திருந்தன. எனவே 76.4 என்பது பங்கேற்க ஒப்பிய 9 குடியரசுகளின் எண்ணிக்கை என்றே கொள்ள வேண்டும்.

உக்ரைனுக்கு வருகிறேன். அங்கே அதே நாளில் இரண்டாவது சீட்டு ஒன்று தரப்பட்டது. 1990 ஜூலை 16 அன்று உக்ரைன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இறையாண்மைப் பிரகடனத்தின் அடிப்படையில், இறையாண்மை கொண்ட அரசுகளின் ஒன்றியத்தில் உக்ரைன் இருக்கலாமா என்று அது கேட்டது. கொர்பச்சேவின் கேள்விக்கு 70 விழுக்காடு. இதற்கோ 80 விழுக்காடு. லிவீவ், தெர்னோப்பில், இவானோ-ஃபிரான்கிவ்ஸ்க் ஆகிய மேற்கு மாவட்டங்களில் முழு விடுதலை குறித்து மூன்றாவது கேள்வியும் கேட்கப்பட்டு, அதற்கும் பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது. ஆகவே உக்ரைன் மக்கள் மார்ச் மாதத்திலேயே தங்கள் நிலையைத் தெளிவாகத்தான் சொன்னார்கள். ஒன்றியத்தில் இருக்கிறோம், ஆனால் எங்கள் பிரகடனத்தின்படி இருக்கிறோம் என்றார்கள். இந்த இரண்டாவது பகுதியை மாஸ்கோ கேட்டுக்கொள்ளவில்லை.

செங்கதிர்

தோழர் நெய்தல் தந்த விவரங்களை மறுக்கவில்லை. ஆனால் அரசியல் சட்ட நுணுக்கங்களுக்குள் மட்டும் நின்றால், அந்த மக்களின் வாழ்க்கை நம் பார்வையிலிருந்து விலகிப் போகும். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாகக் கைக்கு வந்த நூல்களைப் படித்து அந்த நாட்டை நேசித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அதனால் இந்த விவாதம் எனக்கு வெறும் வரலாறு அன்று.

1989 ஜூலையில் சைபீரியாவின் குஸ்பாஸ் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கி உக்ரைனின் தன்பாஸ் வரை பரவிய வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். சுரங்கத்திலிருந்து கரி படிந்த உடலோடு வெளியே வரும் தொழிலாளிக்குக் குளிக்கச் சோப்பு இல்லை. அவர்கள் முதலில் கேட்டவற்றில் அந்தச் சோப்பும் இருந்தது. தனி நாடு வேண்டும் என்று அவர்கள் தெருவுக்கு வரவில்லை. தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட அரசு, தொழிலாளியின் தேவையைக் கூட நிறைவேற்ற முடியாத நிலைக்கு வந்துவிட்டது.

அந்த நிலை ஏன் வந்தது? 1970-களில் மேற்கு சைபீரிய எண்ணெயை விற்றுக் கிடைத்த வெளிநாட்டுப் பணத்தில் தானியமும் இயந்திரங்களும் இறக்குமதி செய்து பழகிவிட்டார்கள். 1986-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஒரேயடியாகச் சரிந்தது. 1985 மே மாதம் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தால் அரசின் வரி வருவாயில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. செர்னோபில், ஆர்மேனிய நிலநடுக்கம், ஆப்கானிஸ்தான் போர் என்று செலவுகளோ ஏறிக்கொண்டே போயின. 1987-இல் வந்த அரசுத் தொழில் நிறுவனச் சட்டம் ஆலை மேலாளர்களுக்கு ஊதியத்தை உயர்த்தும் உரிமையைக் கொடுத்தது, விலைகளையோ பழைய இடத்திலேயே கட்டி வைத்தது. மக்கள் கையில் பணம் பெருகியது, கடையில் பொருள் இல்லை. 1991 ஜனவரியில் பிரதமர் பாவ்லோவ் 50, 100 ரூபிள் தாள்களைச் செல்லாதவை என்று அறிவித்து, மாற்றிக்கொள்ள மூன்றே நாள் தந்தார். வாழ்நாள் சேமிப்பைத் தாள்களாக வைத்திருந்த முதியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பிரிந்த பிறகு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் விலைகள் ஏறத்தாழ 26 மடங்காயின. ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1980-களின் பிற்பகுதியில் 64 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 1994-இல் அது 58-க்கும் கீழே இறங்கிவிட்டது. போர் நடக்காத ஒரு தொழில்மயமான நாட்டில் இப்படி நேர்வது அரிதிலும் அரிது. விடுதலை என்று கொண்டாடுபவர்கள் இந்த எண்களையும் தங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரிசல்மண்

தோழர் செங்கதிர் சொன்ன பொருளாதார நெருக்கடி உண்மை. ஆனால் பொருளாதார நெருக்கடி ஆட்சியை வீழ்த்தும். நாட்டை 15 துண்டுகளாகப் பிரிக்க வேண்டும் என்பதில்லை. சீனாவும் கியூபாவும் கடும் நெருக்கடிகளைக் கண்டன, அவை உடையவில்லை. எனவே ஏன் உடைந்தது என்பதோடு, ஏன் அந்தக் குறிப்பிட்ட கோடுகளில் உடைந்தது என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு விடை 1922-இல் இருக்கிறது. உக்ரைன், பெலாருஸ், காக்கசஸ் குடியரசுகள் எல்லாவற்றையும் ரஷ்யக் குடியரசுக்குள் தன்னாட்சிப் பகுதிகளாகச் சேர்த்துவிடலாம் என்பது ஸ்டாலினின் திட்டம். நோய்ப்படுக்கையில் இருந்த லெனின் அதைக் கடுமையாக எதிர்த்தார். பெரும் ரஷ்ய ஆதிக்க உணர்வுக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது, சமமான குடியரசுகள் விரும்பிச் சேரும் ஒன்றியமாக இருக்க வேண்டும், விரும்பினால் விலகும் உரிமையும் வேண்டும் என்றார். 1922 டிசம்பர் 30 அன்று ஒன்றியம் அப்படியே அமைந்தது. 1924, 1936, 1977 ஆகிய மூன்று அரசியல் சட்டங்களிலும் விலகும் உரிமை இடம்பெற்றது. 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 72-ஆவது பிரிவு. ஏறத்தாழ ஒவ்வொரு குடியரசுக்கும் எல்லை, நாடாளுமன்றம், அமைச்சரவை, கொடி, அறிவியல் கழகம், எழுத்தாளர் சங்கம், தாய்மொழிப் பள்ளிகள் எல்லாம் இருந்தன. உக்ரைனும் பெலாருசும் 1945 முதல் ஐ.நா. அவையிலேயே தனி உறுப்பினர்கள்.

இத்தனையும் இருந்தும் ஏழு பத்தாண்டுகள் ஒன்றியம் கலையாமல் நின்றது கட்சியால். சுவடியின் ஓலைகளை ஊடுருவிச் செல்லும் கயிறு போல, மாஸ்கோவின் மையக் குழுவிலிருந்து ஒவ்வொரு மாவட்டச் செயலாளர் வரை ஒரே கட்டளை ஓடியது. குடியரசின் முதல் செயலாளரை நியமிப்பதும் நீக்குவதும் மாஸ்கோ. கட்சி கூட்டாட்சியாக ஒருபோதும் இருந்ததில்லை. கொர்பச்சேவ் 1989 மார்ச்சில் போட்டித் தேர்தலைக் கொண்டுவந்தார். 1990 மார்ச்சில் கட்சியின் தலைமைப் பங்கை உறுதி செய்த 6-ஆவது பிரிவை அரசியல் சட்டத்திலிருந்து எடுத்தார். இரண்டும் தேவையான சீர்திருத்தங்கள் என்றே நான் கருதுகிறேன். ஆனால் கட்சியின் பிடி தளர்ந்த அந்த நாளிலிருந்து, அதுவரை தாளில் மட்டும் உயிர் வாழ்ந்த உரிமைகள் எல்லாம் நடைமுறை உரிமைகளாகிவிட்டன. குடியரசு நாடாளுமன்ற உறுப்பினர் தம் தொகுதி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரானார், மாஸ்கோவுக்கு அல்ல.

கோடுகள் பற்றி ஒரு சான்று மட்டும் தருகிறேன். 1989 கணக்கெடுப்பில் எஸ்தோனியாவின் மக்கள்தொகை 16 இலட்சத்துக்கும் குறைவு. தாதர்ஸ்தானின் மக்கள்தொகை 36 இலட்சம். ஆனால் எஸ்தோனியா ஒன்றியக் குடியரசு, தாதர்ஸ்தான் ரஷ்யாவுக்குள் இருந்த தன்னாட்சிக் குடியரசு. ஒன்றியத்தின் வெளி எல்லையில் அமைந்திருக்க வேண்டும் என்பது ஒன்றியக் குடியரசுக்கு ஸ்டாலின் 1936-இல் வகுத்த நிபந்தனைகளுள் ஒன்று. நடு ரஷ்யாவில் இருந்த தாதர்ஸ்தானுக்கு அந்த எல்லை இல்லை. 55 ஆண்டுகளுக்குப் பின் எஸ்தோனியா ஐ.நா. உறுப்பினரானது, தாதர்ஸ்தான் 1994-இல் மாஸ்கோவுடன் ஓர் ஒப்பந்தத்தோடு நின்றது. மக்களின் விருப்பத்தில் இருந்த வேறுபாடு மட்டும் இதை முடிவு செய்துவிடவில்லை.

தாமிரபரணி

மிகவும் தெளிவான விளக்கம், ஐயா. 72-ஆவது பிரிவின்படியே ஒவ்வொரு குடியரசும் சட்டப்படி விலகியிருக்கலாமே? லித்துவேனியாவுக்கும் மாஸ்கோவுக்கும் அவ்வளவு பெரிய மோதல் ஏன் வந்தது?

நெய்தல்

உரிமை இருந்தது, அதைச் செயல்படுத்தும் வழிமுறை 1990 வரை எழுதப்படவே இல்லை. லித்துவேனியா 1990 மார்ச் 11 அன்று விடுதலையை அறிவித்த பிறகு, ஏப்ரல் 3 அன்றுதான் விலகல் சட்டம் வந்தது. வாக்குரிமை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அதன் பின் ஐந்து ஆண்டு வரை இடைக்காலம். முடிவில் ஒன்றியப் பேராயத்தின், அதாவது ஒன்றியத்தின் உயர் நாடாளுமன்றத்தின், ஒப்புதல். குடியரசுக்குள் இருக்கும் தன்னாட்சிப் பகுதிகள் தனியே வாக்களித்து ஒன்றியத்திலேயே தங்கிவிடலாம். வெளியேற விடாமல் தடுப்பதற்கே இயற்றப்பட்ட சட்டம் என்று பால்டிக் மக்கள் (லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா) அதைக் கருதியதில் வியப்பில்லை.

அவர்களுடைய வாதம் இன்னும் அடிப்படையானது. நாங்கள் விலகவே இல்லை, ஏனென்றால் சட்டப்படி சேரவே இல்லை என்றார்கள். 1939 ஆகஸ்ட் 23 அன்று சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலொத்தவும் நாஜி ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் இரகசிய இணைப்பு கிழக்கு ஐரோப்பாவை இரு வல்லரசுகளுக்கும் பங்கிட்டது. அதன் விளைவாக 1940-இல் மூன்று நாடுகளும் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டன. அந்த ஒப்பந்தத்தின் 50-ஆம் ஆண்டு நாளில், தாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியூஸ் வரை ஏறத்தாழ 20 இலட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். இரகசிய இணைப்பு இருந்ததையே அரை நூற்றாண்டாக மறுத்துவந்த மாஸ்கோ, 1989 டிசம்பரில் ஒன்றியப் பேராயத்தின் தீர்மானம் மூலம் அதை ஒப்புக்கொண்டு கண்டித்தது. கண்டித்த பிறகும் அந்த நாடுகளை விடவில்லை. 1990 ஏப்ரலில் லித்துவேனியாவுக்கு எண்ணெய் நிறுத்தப்பட்டது. 1991 ஜனவரி 13 அன்று வில்னியூஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் படை கைப்பற்றியபோது 14 பேர் உயிரிழந்தார்கள். ஆயுதமில்லாமல் நின்றவர்கள் அவர்கள். அவர்களுடைய மன உறுதியைப் போற்றாமல் இந்த வரலாற்றை எழுத என்னால் முடியவில்லை.

முகில்

பால்டிக் நாடுகள் தனி வழக்கு. மூன்றும் சேர்ந்து மக்கள்தொகையில் 80 இலட்சத்துக்குக் குறைவு. அவை போன பிறகும் 28 கோடிப் பேர் கொண்ட ஒன்றியம் நின்றிருக்க முடியும். 1991 செப்டம்பர் 6 அன்று மாஸ்கோ அவற்றின் விடுதலையை ஏற்றது, வானம் இடிந்துவிடவில்லை. ஒன்றியம் முடிவுக்கு வந்ததன் நடுப்புள்ளி ரஷ்யா. இது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவது கடினம், ஏனென்றால் நாம் ரஷ்யாவையும் சோவியத் ஒன்றியத்தையும் ஒன்றாகவே நினைத்துப் பழகியவர்கள்.

மற்ற 14 குடியரசுகளுக்கும் இருந்த பல அமைப்புகள் ரஷ்யக் குடியரசுக்கு இல்லை. தனிக் கம்யூனிஸ்ட் கட்சி 1990 ஜூன் வரை இல்லை. தனி அறிவியல் கழகம் இல்லை. தனியாக உளவு அமைப்பு இல்லை. ஒன்றிய அமைப்புகளே ரஷ்யாவின் அமைப்புகள் என்று கருதப்பட்டன. இதைப் பெரும்பான்மை இனத்துக்குக் கிடைத்த சலுகையாகவே மற்றவர்கள் பார்த்தார்கள். ரஷ்யர்களோ தங்கள் எண்ணெயும் எரிவாயுவும் மற்றவர்களுக்கு மலிவாகப் போகின்றன, வோல்கா கரைச் சிற்றூர்களில் சாலை கூட இல்லை என்று மனம் புழுங்கினார்கள். கட்சித் தலைமையால் ஓரங்கட்டப்பட்டிருந்த யெல்த்சின் இந்தப் புழுக்கத்தைத் தம் அரசியலின் அடித்தளமாக்கினார். 1990 ஜூன் 12 அன்று ரஷ்யாவின் நாடாளுமன்றமே இறையாண்மைப் பிரகடனம் செய்து, ரஷ்யச் சட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு மேலானது என்றது. சரியாக ஓராண்டு கழித்து, நேரடித் தேர்தலில் 57 விழுக்காடு வாக்குகளுடன் யெல்த்சின் ரஷ்யக் குடியரசுத் தலைவரானார். அந்தப் பதவியை உருவாக்கலாமா என்ற கேள்வியும் மார்ச் 17 அன்றே ரஷ்யாவில் மற்றொரு சீட்டாகத் தரப்பட்டு, 70 விழுக்காடு ஆதரவைப் பெற்றிருந்தது. கொர்பச்சேவை மக்கள் நேரடியாக ஒருபோதும் தேர்ந்தெடுத்ததில்லை. அந்த வேறுபாடு ஆகஸ்டில் வெளிப்பட்டது.

மறுசீரமைக்கப்பட்ட ஒன்றிய உடன்படிக்கை ஆகஸ்ட் 20 அன்று கையெழுத்தாக வேண்டும். அதைத் தடுக்கவே 19 அன்று துணைத் தலைவர் யனாயெவ், உளவுத் துறைத் தலைவர் க்ரூச்கோவ், பாதுகாப்பு அமைச்சர் யாசோவ் முதலானோர் அவசரநிலைக் குழுவை அறிவித்தார்கள்; முந்தைய நாளே கொர்பச்சேவைக் கிரிமியாவின் ஃபோரோஸ் மாளிகையில் அடைத்துவிட்டிருந்தார்கள். ஒன்றியத்தைக் காப்பாற்றுவதாகச் சொன்ன அந்தக் குழு மூன்று நாளில் அதைக் கொன்றுவிட்டது என்பேன். ஒன்றிய அரசின் படை, உளவுத்துறை, கட்சி ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் மதிப்பிழந்தன. ஆகஸ்ட் 24 அன்று உக்ரைன் நாடாளுமன்றம் விடுதலையை அறிவித்தபோது 346 உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். அந்த அவையில் பெரும்பான்மையினர் கம்யூனிஸ்ட்டுகள். மாஸ்கோவில் யெல்த்சின் கட்சியைத் தடைசெய்யத் தொடங்கியிருந்த நிலையில், உக்ரைன் தலைநகர் கீயெவின் கட்சித் தலைவர்களுக்கும் விடுதலையே பாதுகாப்பாகத் தெரிந்தது.

செங்கதிர்

நண்பர் முகில் சொன்ன கடைசி வரியைத்தான் நான் தொடக்கத்திலிருந்து சொல்லிவருகிறேன். நேற்று வரை மாவட்டச் செயலாளராக இருந்தவர் இன்று தேசியத் தலைவர். நேற்று வரை ஆலை மேலாளராக இருந்தவர் இன்று ஆலை முதலாளி. உக்ரைனின் தலைவரான க்ராவ்ச்சுக் அந்தக் குடியரசுக் கட்சியின் கருத்தியல் செயலாளராக இருந்தவர். நசர்பாயெவ் கசகஸ்தான் கட்சியின் முதல் செயலாளர். துர்க்மெனிஸ்தானில் நியாசோவ், உஸ்பெகிஸ்தானில் கரிமோவ், எல்லோரும் அதே பதவியில் இருந்தவர்கள். தேசிய விடுதலை என்று மட்டும் இதைச் சொன்னால், பொதுச் சொத்து தனியார் கைக்கு மாறிய பெருநிகழ்வு மறைந்து போகும். ஒன்றியம் நீடித்திருந்தால் இந்த மாற்றத்துக்கு மாஸ்கோவின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும். தனி நாடானதும் கேட்பாரில்லை.

வேங்கைமரம்

இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்றியம் அமைதியாகக் கலைந்தது என்று நாம் எளிதில் எழுதிவிடுகிறோம். யூகோஸ்லாவியாவோடு ஒப்பிட்டால் மாஸ்கோவும் கீயெவும் அமைதியாகப் பிரிந்தன என்பது உண்மை. காக்கசசில் வாழ்ந்தவர்களுக்கு அது உண்மை அன்று.

நகோர்னோ-கராபாக் அஜர்பைஜானுக்குள் இருந்த தன்னாட்சிப் பகுதி. மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஆர்மேனியர். 1988 பிப்ரவரி 20 அன்று அதன் மன்றம் ஆர்மேனியாவோடு சேர விரும்புவதாகத் தீர்மானித்தது. ஒரு வாரத்தில் அஜர்பைஜானின் சும்காயித் நகரில் ஆர்மேனியர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பின் இரு குடியரசுகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் அகதிகளாக வெளியேறினார்கள், ஆர்மேனியர் ஒரு திசையில், அஜர்பைஜானியர் மறுதிசையில். 1989 ஏப்ரல் 9 அன்று ஜார்ஜியாவின் திபிலீசியிலும், 1990 ஜனவரியில் அஜர்பைஜானின் பாகுவிலும் படை மக்கள் மீது ஏவப்பட்டது. 1989-இல் ஃபெர்கானா, 1990-இல் ஓஷ் என்று மத்திய ஆசியாவிலும் இரத்தம் சிந்தியது. இவையெல்லாம் ஒன்றியம் கலைவதற்கு முன்பே நடந்தவை. காக்க வேண்டிய மையம் காக்கத் தவறியது. சில இடங்களில் அதுவே தாக்கியது.

கரிசல்மண் ஐயா கோடுகளைப் பற்றிச் சொன்னார். அந்தக் கோடுகளே நாடுகளின் எல்லைகளானபோது, கோட்டின் எந்தப் பக்கம் விழுந்தோம் என்பது ஒரு மக்களின் விதியாகிவிட்டது. அப்காசியா, தென் ஒசேத்தியா, திரான்ஸ்னிஸ்திரியா, செச்னியா ஆகிய எல்லா இடங்களிலும் 1990-களில் போர் வந்தது. இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் வீட்டை விட்டு நகராமலே வெளிநாட்டில் வாழ்பவர்களானார்கள். 1991 ஆகஸ்ட் 26 அன்று யெல்த்சினின் செய்தித் தொடர்பாளர், விலகும் குடியரசுகளோடு எல்லைகளைப் பற்றிப் பேசும் உரிமை ரஷ்யாவுக்கு உண்டு என்று அறிக்கை விட்டார். கீயெவும் கசகஸ்தானின் அன்றைய தலைநகர் அல்மா-அதாவும் கொதித்தெழ, மாஸ்கோ அவசரமாகத் தூதுக்குழுக்களை அனுப்பிச் சமாதானம் செய்தது. அந்த அறிக்கையை அன்று பலரும் சில நாளில் மறந்தார்கள். 1994 டிசம்பர் 5 அன்று புதாபெஸ்தில் உக்ரைன் அணு ஆயுதங்களைக் கைவிட்டபோது, எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யா எழுதிக் கொடுத்தது. பிறகு 2014-இலும் 2022-இலும் நடந்தவற்றை நான் இங்கே விரிக்கத் தேவையில்லை.

தாமிரபரணி

இதைப் படித்ததும் மனம் கனத்தது. மத்திய ஆசியக் குடியரசுகளைப் பற்றி ஒரு கேள்வி. மார்ச் வாக்கெடுப்பில் அங்கே ஆதரவு 93 விழுக்காட்டுக்கு மேல். அவர்களைக் கேட்காமலே ஒன்றியம் கலைக்கப்பட்டதா?

கரிசல்மண்

டிசம்பர் 8 வரை பார்த்தால், ஆம். இதில் ஒரு பெரிய அநீதி இருக்கிறது என்றே நினைக்கிறேன். இத்தனை உயர்ந்த ஆதரவில் கட்சி அமைப்பு வாக்காளர்களைத் திரட்டிக் கொண்டுவந்த பழக்கத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் அது மட்டும் அன்று. பள்ளிகள், மருத்துவமனைகள், ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு ஒன்றிய நிதியிலிருந்து வந்த பங்கு அங்கே பெரியது. கசகஸ்தானில் 1989-இல் கசகர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு, ரஷ்யர்கள் 38 விழுக்காடு. தேசிய இனக் கோடுகளில் நாடு பிளந்தால் முதலில் பிளப்பது தம் குடியரசுதான் என்று நசர்பாயெவ் அஞ்சினார். கடைசி வரை ஏதேனும் ஒரு வடிவத்தில் ஒன்றியம் வேண்டும் என்று உழைத்தவர்களில் அவர் ஒருவர்.

அதற்காக அவர்களுக்கு மாஸ்கோ மீது குறையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பருத்தி, பருத்தி என்று ஒரே பயிரைத் திணித்து, அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரை வாய்க்கால்களில் திருப்பி, ஆரல் கடலையே வற்றச் செய்த திட்டமிடல் மாஸ்கோவுடையது. 1986 டிசம்பரில் கசகத் தலைவர் குனாயெவை நீக்கிவிட்டு, அந்தக் குடியரசில் முன்பு பணியாற்றாத கோல்பினை அனுப்பியபோது, அல்மா-அதா இளைஞர்கள் கடுங்குளிரில் தெருவில் இறங்கினார்கள், அடித்து ஒடுக்கப்பட்டார்கள். கொர்பச்சேவ் காலத்தின் முதல் தேசிய இனக் கிளர்ச்சி பால்டிக்கில் தொடங்கவில்லை, அங்கேதான் தொடங்கியது.

பெலவேழா செய்தி வந்தபின் டிசம்பர் 13 அன்று மத்திய ஆசியாவின் ஐந்து தலைவர்களும் துர்க்மெனிஸ்தானின் அஷ்காபாத்தில் கூடி, சமமான நிறுவன உறுப்பினர்களாக ஏற்றால், பெலவேழாவில் ஒன்றியத்துக்குப் பதிலாக அறிவிக்கப்பட்ட சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பில் நாங்களும் சேர்கிறோம் என்றார்கள். கசகஸ்தான் டிசம்பர் 16 அன்று, எல்லோருக்கும் கடைசியாக, விடுதலையை அறிவித்தது. 21 அன்று அல்மா-அதாவில் 11 குடியரசுகள் அந்தக் கூட்டமைப்புக்குக் கையெழுத்திட்டபோது, முடிந்துவிட்ட ஒன்றுக்கு ஒப்புதல் தருவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

முகில்

மூவருக்கும் அந்த அதிகாரம் இருந்ததா என்ற தொடக்கக் கேள்விக்கு வருகிறேன். 1922-இல் கையெழுத்திட்டவை நான்கு: ரஷ்யா, உக்ரைன், பெலாருஸ், காக்கசஸ் கூட்டாட்சி. நான்காவது 1936-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், எஞ்சிய நிறுவனர்கள் நாங்களே என்று மூவரும் வாதிட்டார்கள். சட்டமாகப் பார்த்தால் இது வலுவற்ற வாதம். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கும் உரிமை உண்டு, ஒன்றியத்தின் அரசியல் சட்டமும் நடப்பில் இருந்தது.

அரசியலாகப் பார்த்தால் முடிவு ஒரு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. டிசம்பர் 1 உக்ரைன் வாக்கெடுப்பில் 84 விழுக்காட்டினர் கலந்துகொண்டார்கள். ரஷ்ய மொழி பேசுவோர் மிகுந்த தொனெத்ஸ்கிலும் லுகான்ஸ்கிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் விடுதலைக்கு ஆதரவு, கிரிமியாவில் 54. உக்ரைன் இல்லாத ஒன்றியத்தை யெல்த்சின் விரும்பவில்லை, ஏனென்றால் ரஷ்யாவின் பணத்தில் மற்றவர்களைத் தாங்க வேண்டிய அமைப்பாக மட்டுமே அது அவருக்குத் தெரிந்தது. பெலாருஸ் தலைவர் ஷுஷ்கெவிச் குளிர்காலத்துக்கான எண்ணெய், எரிவாயு பற்றிப் பேசவே யெல்த்சினை அழைத்ததாகப் பின்னாளில் சொன்னார். விஸ்குலியில் கூடியவர்கள் உயிரோடிருந்த ஒன்றைக் கொன்றார்கள் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

செங்கதிர்

அப்படியானால் ரஷ்ய மக்களைக் கேட்டிருக்கலாமே? உக்ரைன் கேட்டது. ரஷ்யாவில் மார்ச்சில் 71 விழுக்காட்டினர் ஒன்றியம் வேண்டும் என்றார்கள். டிசம்பரில் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1996 மார்ச் 15 அன்று ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவை, பெலவேழா உடன்படிக்கைக்கு அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுத் தீர்மானம் நிறைவேற்றியதை மறந்துவிடக் கூடாது. அந்த வலி அங்கே ஆறவில்லை.

நெய்தல்

கேட்டிருக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன், தோழர். கேட்காமல் விட்டது யெல்த்சினின் தவறு மட்டும் அன்று. 1991 டிசம்பர் 12 அன்று உடன்படிக்கை ரஷ்ய உச்ச மன்றத்தின், அதாவது ரஷ்ய நாடாளுமன்றத்தின், முன் வந்தது. அந்த அவை 1990-இல் மக்கள் தேர்ந்தெடுத்த பேராயத்திலிருந்து அமைந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அதில் ஏராளமாக இருந்தார்கள். விவாதம் நீளவில்லை. ஆதரவு 188, எதிர்ப்பு 6, நடுநிலை 7. ஆறே பேர். 1996-இல் தீர்மானம் கொண்டுவந்த அதே கட்சியின் ஆட்கள் பலர் 1991-இல் அந்த அவையில் கையை உயர்த்தினார்கள். மார்ச்சில் ‘ஆம்’ என்று வாக்களித்த ரஷ்யர்களின் சார்பில் பேச வேண்டியவர்கள் அந்த 201 பேரும்தான். அவர்களிடம் எழுப்ப வேண்டிய கேள்வியை மூன்று பேரிடம் மட்டும் எழுப்பி நாம் நின்றுவிடுகிறோம்.